இடம் மாறிய சிரிப்பு: குன்னூரில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிப் பதிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சிக்குப் பார்வையாளர்களாகப் போன ஒரு குழுவுக்கு, குறிப்பாக அதில் ஒரு பெண்ணுக்கு, நேர்ந்தது இங்கே பதிவாகிறது. சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆட்கள், தோட்டம், சேனல், ஏஜென்ட் யாருக்கும் பெயர் தரவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குழுவோடு கூடப் போன இருவரில் நானும் ஒருத்தி. அவர்கள் வசிக்கும் லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் அமைப்பில் வேலை பார்க்கிறேன்.

பின்னணி

கோத்தகிரிப் பக்கம் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயன் வீடுகள். பெரும்பாலும் தாயகம் திரும்பிய குடும்பங்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் குடியேறி, அங்கே விட்ட அதே கொழுந்து பறிக்கும் வேலையை இங்கே தொடர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தோட்டத்தில் இறங்குவதில்லை. கோவையில் படிப்பு, திருப்பூரில் பனியன் கம்பெனி, மேட்டுப்பாளையத்தில் கடை வேலை என்று போய்விடுகிறார்கள். "உங்க பையன் எங்க?" என்று கேட்டால் "கீழே போயிட்டான்" என்பதுதான் பாதி வீடுகளில் பதில்.

சென்னையிலிருந்து ஒளிபரப்பாகும் ஒரு தனியார் சேனலின் வாராந்தர விவாத நிகழ்ச்சி இதையே தலைப்பாக எடுத்துக்கொண்டது: மலையிலேயே இருப்பதா, கீழே போவதா. எதிரெதிரே இரண்டு அணி. ஒரு பக்கம் பெற்றோர், மறுபக்கம் இளைஞர்கள், நடுவில் நெறியாளர். வழக்கமாகச் சென்னை அரங்கில் எடுப்பதை இந்த முறை குன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். மாதம் நவம்பர்.

பேசுகிறவர்களையும் பார்வையாளர்களையும் வேறு வேறு வழியில் திரட்டுகிறார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பேசுகிறவர்களைச் சேனல் ஆட்களே பலமுறை போனில் அழைத்து, அவர்கள் கதையைக் கேட்டு, அதில் சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்வையாளர்களைப் பிடித்துக் கொடுப்பது ஏஜென்ட் வேலை. சென்னையில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு பேட்டா, சாப்பாடு என்று பேசி அழைத்துப் போவார்கள். குன்னூரில் அந்தப் பொறுப்பை ஏற்றவர் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஒருவர்.

அழைப்பும் முன்கூட்டி எடுத்த முடிவுகளும்

"சும்மா உட்கார்ந்து கை தட்டினா போதும் டீச்சர். காலைல ஒன்பது மணிக்கு வந்தா நாலு மணிக்கு முடிஞ்சிரும்" என்றார் ஏஜென்ட். தலைக்கு 400 ரூபாய், மதியச் சாப்பாடு, போக வர வேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பேர் (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு) கெடாது. 26 பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் 19 பேர் பெண்கள். 'டிவியில் வருவோம்' என்பதுதான் முக்கியக் காரணம். அதில் கேலி செய்ய ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருபது வருஷமாக அதே சரிவில் நின்று பறிக்கிறவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி போகட்டுமே.

புறப்படும் முன் மூன்று விஷயங்களை முடிவு செய்தோம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. வேன் எங்களை இறக்கிவிட்டு வேறு சவாரிக்குப் போகக் கூடாது, மண்டப வாசலிலேயே நிற்க வேண்டும். பதிவு எவ்வளவு நேரம் இழுத்தாலும், வயதானவர்களும் வீட்டில் சின்னப் பிள்ளை விட்டு வந்தவர்களும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். இதற்குக் காரணம் கோத்தகிரி ரோடு தெரிந்தவர்களுக்குப் புரியும். இருட்டினால் காட்டெருமை ரோட்டுக்கு வரும், ரோட்டிலிருந்து லயனுக்கு இறங்கும் மண்பாதையில் கரடி நடமாட்டம் உண்டு. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஏஜென்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். அவர் சிரித்துக்கொண்டேதான் போட்டார்.

மண்டபத்தில் கண்டது: காலை

ஒன்பது மணிக்கு நாங்கள் போய்விட்டோம். படப்பிடிப்புக் குழுவின் ஒரு வண்டி வரவில்லை. உள்ளே பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்ததால் பர்லியாறு சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. நீலகிரியில் அந்த பாட்டிலுக்குத் தடை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

வாசலில் இரண்டு பேர் அட்டையில் செருகிய படிவத்தை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒன்று என்று விரலால் காட்டினார்கள். படிவம் முழுக்க ஆங்கிலம். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் குழுவில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் மட்டும் அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த மேசையில் எல்லோருடைய போனையும் வாங்கி டோக்கன் கொடுத்துவிட்டதால், அதற்கப்புறம் எடுத்திருக்க முடியாது. பதிவாகும் எதையும் எந்த முறையிலும் தொகுக்கலாம், எந்த ஊடகத்திலும் எப்போதும் பயன்படுத்தலாம், அதற்குக் கூடுதல் பணம் கேட்க உரிமை இல்லை என்பதுதான் படிவத்தின் சாரம்.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னாலேயே கேமராக்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. படப்பிடிப்புத் தளப் பொறுப்பாளர் ஒருவர் காதில் ஹெட்செட்டோடு நடுவில் வந்து நின்றார். முதலில் கைதட்டல், மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு தடவை. அப்புறம் மாமியார் - மருமகள் ஜோக் இரண்டு சொன்னார். "நல்லா சிரிங்க, பல்லு தெரியட்டும்." எல்லோரும் சிரித்தோம். அவர் உண்மையிலேயே நன்றாக ஜோக் சொல்வார். பிறகு தலையாட்டச் சொன்னார், யோசிப்பது போல் பார்க்கச் சொன்னார், கடைசியில் "ஏதாவது சோகமா நினைச்சுக்கோங்க" என்றார். ஒரு கேமரா எங்கள் வரிசையில் முகம் முகமாக நகர்ந்து போனது.

இதை ரியாக்‌ஷன் ஷாட் என்கிறார்கள். ஏன் இப்படி எடுக்கிறார்கள் என்று விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. பதிவு பல மணி நேரம் ஓடும். ஒளிபரப்பு ஒரு மணி நேரம், அதிலும் விதிப்படி 12 நிமிடம் வரை விளம்பரத்துக்கு. மிச்சம் 48 நிமிடம். ஆகவே ஒருவர் பத்து நிமிடம் பேசினால் இரண்டு நிமிடம்தான் மிஞ்சும். நடுவில் வெட்டி ஒட்டும்போது பேசுகிறவரின் தலை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுவது போல் திரையில் தெரியும். அந்த ஒட்டை மறைக்க, பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்வையாளர் ஒருவரின் முகத்தை இரண்டு விநாடி காட்டுகிறார்கள். பேச்சை எங்கே வெட்டினார்களோ அங்கே ஒரு முகம் வரும். அந்த முகம் அந்த நேரத்து முகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மண்டபத்தில் கண்டது: பிற்பகல்

பதிவு உண்மையில் தொடங்கியபோது மணி பன்னிரண்டரை. ஒரு மணி நேரத்தில் மழை வந்துவிட்டது. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நவம்பரில் தகரக் கூரை போட்ட மண்டபத்தைப் பிடித்தது யார் யோசனையோ தெரியவில்லை. கூரைச் சத்தம் மைக்கில் விழுகிறது என்று பதிவை நிறுத்தினார்கள். மழை விடும், தொடங்குவார்கள், மறுபடி பிடிக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் உதவியாளர் எங்கள் வரிசைக்கு வந்தார். எங்கள் பெண்கள் அன்று இருப்பதிலேயே நல்ல புடவையாகக் கட்டி, ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார்கள். "மேடம், மலைல இருக்கிற மாதிரியே தெரியலையாம். ஸ்வெட்டர், சால்வை இருந்தா போட்டுக்கோங்க." யாரிடமாவது கொழுந்துக் கூடை இருக்கிறதா என்றும் கேட்டார். இங்கே இப்போது கத்தரி வைத்து வெட்டிப் பையில்தான் சேர்க்கிறோம் என்று ஒரு அக்கா சொன்னதும், அவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. சரி, ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கொண்டார்கள். இந்த ஆய்வின் மையத்தில் இருக்கும் பெண்ணும் தன் பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார்.

நான்கு மணிவாக்கில் பெற்றோர் அணியிலிருந்து ஒரு தகப்பனார் பேசினார். வேறு தோட்டத்துக்காரர். மகன் திருப்பூருக்குப் போய் எட்டு வருஷம். அம்மா இறந்தபோது அவன் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் உடைந்துபோனார். மண்டபமே அமைதியாக இருந்தது. பழுப்பு ஸ்வெட்டர் அக்கா அழுததை பக்கத்து நாற்காலியிலிருந்து நான் பார்த்தேன். அவருடைய மகள் மூன்று மாதம் முன்புதான் கல்யாணமாகி அந்தத் தகப்பனார் இருக்கும் தோட்டத்துக்குப் போயிருந்தாள். மருமகனுக்கு அவர் பெரியப்பா முறை. அன்று காலையில் இருவரும் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணி ஆனது. முன்பே முடிவு செய்தபடி ஏழு பேர் எழுந்தார்கள். பொறுப்பாளர் தடுத்தார்: நடுவில் இடம் காலியானால் ஷாட் பொருந்தாது, இன்னும் ஒரு மணி நேரம்தான் என்றார். என்னோடு வந்த சக ஊழியர் கையெழுத்துத் தாளைக் காட்டினார். ஏஜென்டை அழைத்தார்கள், கொஞ்சம் சத்தம் ஆனது, கடைசியில் விட்டார்கள். காலியான இடங்களில் மண்டப ஊழியர்களையும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிலரையும் உட்கார வைத்தார்கள். 'ஒரு மணி நேரம்' என்றது எட்டரைக்கு முடிந்தது. வேன் வாசலிலேயே நின்றதால் மற்ற 19 பேரும் வீடு சேர்ந்தோம். பேட்டா 400க்குப் பதில் 300 வந்தது. ஏஜென்ட் கமிஷனாம்.

ஒளிபரப்பும் அதன் பிறகும்

டிசம்பர் கடைசி வாரம் ஒளிபரப்பானது. லயனில் டிவி உள்ள வீடுகளில் கூட்டம். தகப்பனார் பேசினார், மனைவி இறந்ததைச் சொன்னார், குரல் கம்மியது. அந்த இடத்தில் திரையில் நம் அக்கா வந்தார், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி. இரண்டு விநாடிக்கும் குறைவு.

மறுநாள் காலையில் அந்த இரண்டு விநாடி மட்டும் தனியாக வெட்டப்பட்டு வாட்ஸாப்பில் சுற்றியது. மகளின் மாமியார் வீட்டில் கொதித்துப் போனார்கள். "சாவுக்குச் சிரிக்கிற பொம்பள" என்ற சொல் அங்கிருந்து கிளம்பி லயன் வரை வந்தது. மகளுக்குத் தலைப்பொங்கல் வர இரண்டு வாரம்கூட இல்லை. சீர் கொண்டு வர வேண்டாம் என்று போன் வந்தது. அக்கா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். "நான் சிரிக்கவே இல்லை" என்று முதல் நாள் சொன்னவர், மூன்றாம் நாள் "சிரிச்சிருப்பேனோ டீச்சர்?" என்று கேட்டார். இந்த நிகழ்வில் என்னை அதிகம் உலுக்கியது இந்தக் கேள்விதான். திரையில் தன்னையே பார்த்த ஒருவருக்குத் தன் நினைவின் மீதே சந்தேகம் வந்துவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

படிப்பு மையத்தில் கூடிப் பேசினோம். சில இளைஞர்கள் பதில் வீடியோ போடலாம், சேனல் பக்கத்தில் போய்க் கேள்வி கேட்கலாம் என்றார்கள். அது வேண்டாம் என்று முடிவானது. வீடியோ பரவினால் அந்த இரண்டு விநாடியை இன்னும் பல ஆயிரம் பேர் பார்ப்பார்கள், வேறொன்றும் நடக்காது.

முதலில் ஆதாரம் பார்த்தோம். யூடியூபில் ஏற்றியிருந்த நிகழ்ச்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் கல்லூரிப் பெண்தான் கண்டுபிடித்தாள். சிரிக்கும் காட்சியில் அக்கா ஸ்வெட்டர் போடவில்லை. அதே தகப்பனார் பேச்சின்போது வரும் அகலக் காட்சியில், பின்வரிசையில், பழுப்பு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். தேடிப் பார்த்தால் இன்னொரு இடத்திலும் குளறுபடி இருந்தது. நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில், ஐந்து மணிக்கே கிளம்பிப் போன பாட்டி ஒருவர் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த அகலக் காட்சியில் அவர் நாற்காலியில் ஒரு பையன். நேரக் குறிப்புகளோடு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டோம்.

அடுத்து எங்கே போவது என்ற கேள்வி. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021 ஜூனில் செய்த திருத்தத்தின்படி, ஒளிபரப்பான நிகழ்ச்சி பற்றிய புகாரை யார் வேண்டுமானாலும் முதலில் சேனலுக்கே எழுதலாம். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை, 15 நாளில் முடிவு. திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு, அதற்கும் மேலே மத்திய அரசின் குழு. அதே விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறை, அவதூறானதையும் அரை உண்மைகளையும் ஒளிபரப்பக் கூடாது என்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்த வழி அடைபடவில்லை என்பது எங்கள் கணிப்பு.

ஆனால் 15 நாள் என்றால் பொங்கல் போய்விடும். ஆகவே புகாரை எழுதி அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நேரில் போவது என்று முடிவெடுத்தோம். சம்பந்தி வீட்டுக்கு முதலில் போகவில்லை. தகப்பனார் வீட்டுக்குப் போனோம். காயம்பட்டவர் அவர், அவர் சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள் என்று லயனில் மூத்தவர் ஒருவர் சொன்னது சரியாக இருந்தது.

போனில் இரண்டு காட்சியையும் அடுத்தடுத்துக் காட்டினோம். அவர் ஸ்வெட்டரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "காலைல ஜோக் சொன்னாங்களே, அதுதானே இது? நானும் சிரிச்சேனே" என்றார். பிறகு அவர் சொன்னது நாங்கள் எதிர்பாராதது. மகன் மாதாமாதம் பணம் அனுப்புகிறான், லயன் வீட்டுக்கு ஓடு மாற்றியது அவன் காசில்தான், அன்று மழையில் வழியில் மண் சரிந்து பஸ் நின்றதால்தான் வந்து சேர முடியவில்லை என்றெல்லாம் அவர் மண்டபத்தில் பேசியிருக்கிறார். எனக்கும் அது நினைவிருந்தது. ஒளிபரப்பில் அதில் ஒரு சொல்லும் இல்லை. மகன் போனில் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். அக்காவின் சிரிப்பு வந்தது சரியாக அந்தப் பகுதியை வெட்டிய இடத்தில்தான் என்று அப்போது புரிந்தது.

அவரும் புகாரில் சேர்ந்துகொண்டார். இருவர் பெயரில் திருத்திய கடிதம் போனது. மன்னிப்பு கேட்கச் சொல்லவில்லை. யூடியூபில் உள்ள பதிவிலிருந்து அந்தச் சிரிப்பை எடுக்க வேண்டும், தகப்பனாரின் பேச்சில் விட்டுப்போன பகுதியைச் சேர்க்க வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைதான். ஏற்றிய வீடியோவில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்க யூடியூபிலேயே வசதி உண்டு, முகவரியும் பார்வைக் கணக்கும் அப்படியே இருக்கும் என்பதையும் கடிதத்தில் எழுதினோம். செய்வதற்கு எளிதானதைக் கேட்டால் செய்துவிடுவார்கள் என்ற கணக்கு.

விளைவு

ஒப்புகை 24 மணி நேரத்தில் வரவில்லை, நினைவூட்டிய பிறகு வந்தது. பதினான்காம் நாள் பதில்: படிவத்தின்படி தொகுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு, யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை, நல்லெண்ண அடிப்படையில் அந்தக் காட்சியை நீக்குகிறோம். நீக்கினார்கள். தகப்பனாரின் பேச்சைச் சேர்க்க முடியாது, நேரக் கட்டுப்பாடு என்றார்கள். இணையத்தில் என்ன நேரக் கட்டுப்பாடு என்பது விளங்கவில்லை. மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்று கல்லூரிப் பெண் வற்புறுத்தினாள். தகப்பனார் வேண்டாம் என்றுவிட்டார். மகனுக்கு அவரே நேரில் போய்ச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார், போயும் வந்தார். அவர் முடிவே முடிவு என்று விட்டோம். அது சரியா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

பொங்கலுக்கு முந்தைய நாள் சீர் போனது. தகப்பனார் கூடப் போனார். வாங்கிக்கொண்டார்கள், சாப்பிட வைத்து அனுப்பினார்கள். மாமியார் மட்டும் "டிவில காட்டினது பொய்யா?" என்று ஒரு தடவை கேட்டார். பழைய முகம் திரும்ப சித்திரை வரை ஆனது. வாட்ஸாப் துண்டை யாரும் அழிக்க முடியவில்லை.

எடிட் செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் முன்னால் பேர் தெரியாத நூறு முகம், ஒட்டை மறைக்க ஒன்று வேண்டும், கைக்கு வந்ததைப் போட்டிருப்பார். ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இனி மாற்றுபவை

படிவத்தை முதல் நாளே தமிழில் வாங்கிப் படித்துக் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது முதல் மாற்றம். காலையில் எடுக்கும் ரியாக்‌ஷன் ஷாட் பற்றிப் போகிறவர்களுக்கு முன்பே விளக்குகிறோம். சிரிக்கச் சொன்னால் சிரிக்கலாம், ஆனால் அது எங்கே போய் ஒட்டும் என்று தெரிந்துகொண்டு சிரிக்கட்டும். சொந்தக்காரர் யாராவது பேசுகிற அணியில் இருந்தால் அந்த நிகழ்ச்சிக்குப் பார்வையாளராகப் போக வேண்டாம் என்கிறோம். இதைச் சிலர் ஏற்பதில்லை. மலையில் யார்தான் சொந்தமில்லை என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். ஐந்து மணி விதியும் வாசலில் நிற்கும் வேனும் அப்படியே தொடர்கின்றன. பேட்டாவை ஏஜென்ட் கையில் கொடுக்காமல் நேராகக் கொடுக்கச் சொல்கிறோம்.

மே மாத சீசனில் வேறொரு சேனலுக்காக வேறொரு ஏஜென்ட் வந்தார். நிபந்தனைத் தாளைக் கொடுத்தோம். நேரம், வேன், பேட்டா மூன்றுக்கும் சம்மதித்தார். ஒருவரின் சிரிப்பையோ அழுகையையோ அது நடந்த இடத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற வரியைப் படித்துவிட்டு, "இதுக்கு மேலே இருக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்க மேடம்" என்று அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடித்த வரியோடு அந்தத் தாளை எல்லோருக்கும் காட்டினோம். எட்டுப் பேர் போனார்கள். அந்த நிகழ்ச்சி இன்னும் ஒளிபரப்பாகவில்லை.